அயர்லாந்தின் அறுபது பேர்

ஒரு தேசத்தின் சட்டசபையில் பாதியை ஒழித்துவிடலாமா என்று ஜனங்களையே கேட்பது அபூர்வம். கேட்கிற சர்க்காரே, "ஒழித்துவிடுங்கள்; இரண்டு கோடி யூரோ மிச்சமாகும்" என்று விடையையும் கையோடு சொல்லிக் கொடுத்த பிறகு, ஜனங்கள் "வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்வது அதனினும் அபூர்வம். 2013-ம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ந் தேதி அயர்லாந்தில் நடந்தது இதுதான். அந்தச் சபையிலே அறுபது அங்கத்தினர்கள் உண்டு. அவர்களில் ஒருவரையாவது தேர்ந்தெடுக்கும் உரிமை அந்நாட்டுச் சாதாரணப் பிரஜைக்குக் கிடையாது. கீழ்ச் சபை நிறைவேற்றிய மசோதா எதையும் நிரந்தரமாகத் தடுக்க அச்சபைக்குச் சக்தியும் கிடையாது. இப்படியிருக்க, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆறு லட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள்! காரணம் என்னவாயிருக்கும் என்று நேயர்கள் கேட்கக்கூடும். விஷயத்தைச் சற்று ஆதியிலிருந்தே சொன்னால்தான் விளங்கும்.

அயர்லாந்து என்றவுடன் நம்மவர்களுக்கு டி வலேராவின் பெயர் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மேல் சபையின் கதை அவருக்கு எதிர்த் தரப்பில் இருந்தவர்களிடம் தொடங்குகிறது. 1921-ம் வருஷத்து உடன்படிக்கையின்படி, தீவின் பெரும் பகுதி பிரிட்டிஷ் ஆதிக்கத்திலிருந்து விலகித் தன்னாட்சி பெற்றது. அப்போது அந்நாட்டில் ஒரு சிறுபான்மைக் கூட்டத்தார் பெருங் கலக்கத்திலே இருந்தார்கள். புராட்டஸ்டண்டு மதத்தினர், நிலச்சுவான்தார்கள், பிரபுக்கள், பெரிய வியாபாரிகள். தலைமுறை தலைமுறையாக லண்டனையே நம்பி வாழ்ந்தவர்கள். கத்தோலிக்கர் பெரும்பான்மையாகவுள்ள புதிய ராஜ்யத்தில் தங்கள் கதி என்னவாகும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் போக்குவதற்காகவே மேல் சபை ஒன்று ஏற்பட்டது. அறுபது பேரில் முப்பது பேரைக் கீழ்ச் சபையார் தேர்ந்தெடுப்பது. மற்ற முப்பது பேரைச் சர்க்காரின் தலைவரான காஸ்கிரேவ் நியமிப்பது என்று ஏற்பாடு.

1922-ம் வருஷம் டிசம்பர் மாதம் 11-ந் தேதி கூடிய அந்தச் சபையைப் போல் விசித்திரமான கூட்டம் வேறெங்கும் கூடியிருக்குமா என்பது நமக்குச் சந்தேகம். நேற்று வரையில் பிரிட்டிஷ் சக்கரவர்த்திக்கு விசுவாசமாக இருந்த கிரானார்டு பிரபுவும் மேயோ பிரபுவும் ஒரு பக்கம். விடுதலைப் போரில் ஈடுபட்டிருந்த ஜென்னி வைஸ் பவர் அம்மையார் மற்றொரு பக்கம். கிராமந்தோறும் கூட்டுறவுப் பால்பண்ணைகளை நிறுவிய ஹொரேஸ் பிளங்கட், சரித்திர ஆசிரியை ஆலிஸ் ஸ்டாப்ஃபோர்டு கிரீன், வைத்தியரும் கவியும் வேடிக்கைப் பேச்சுக்காரருமான ஆலிவர் கோகர்ட்டி, உலகப் புகழ் பெற்ற மகாகவி யேட்ஸ் ஆகிய இத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். ஸ்திரீகள் நால்வர் இருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயமல்ல.

உட்கார்ந்தவர்களுக்கு வீடுகள்தாம் நிலைக்கவில்லை. உடன்படிக்கையை ஏற்காத குடியரசுப் படையினருக்கும் சர்க்காருக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. செனட்டர் பதவியை ஏற்றுக்கொண்டவர்களின் மாளிகைகள் ஒவ்வொன்றாகத் தீக்கிரையாயின. மேயோ பிரபுவின் பாமர்ஸ்டவுன் மாளிகை 1923-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் எரிந்தது. அதே மாதத்தில், பிளங்கட் அமெரிக்காவில் இருந்தபோது, டப்ளினை அடுத்த அவரது வீடு அழிந்தது. ஏழைக் குடியானவர்களுக்காக ஆயுள் முழுவதும் உழைத்த அந்தப் பெரியவர் மனம் உடைந்து பதவியை ராஜிநாமாச் செய்துவிட்டு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அயர்லாந்துக்கு அந்த வருஷத்தில் ஏற்பட்ட நஷ்டங்களில் இதைச் சிறியதென்று நாம் எண்ணவில்லை.

கோகர்ட்டியின் அனுபவம் வேறு விதம். ஆயுதம் தாங்கியவர்கள் அவரை டப்ளினில் அவர் வீட்டிலிருந்து பிடித்துச் சென்று, லிஃபி நதிக்கரையில் ஒரு வீட்டில் அடைத்தார்கள். மனுஷர் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே வந்து, ஜனவரி மாதத்துக் குளிரில் நதியிலே குதித்து நீந்தித் தப்பினார். கரையேறினால் இந்த நதிக்கு ஒரு ஜோடி அன்னப்பட்சிகளைக் காணிக்கையாக்குவேன் என்று தண்ணீரில் இருந்தபோதே வேண்டிக்கொண்டாராம். நம் நாட்டார் முடிகாணிக்கை வேண்டிக்கொள்வது போலத்தான்! 1924-ம் வருஷத்தில் பிரார்த்தனையை நிறைவேற்றவும் செய்தார். சர்க்காரின் தலைவர் காஸ்கிரேவும் கவி யேட்ஸும் பக்கத்தில் நிற்க, இரண்டு அன்னங்கள் லிஃபி நதியில் விடப்பட்டன. மேற்குக் கரையிலிருந்த அவரது ரென்வைல் மாளிகை மட்டும் அதற்குள் சாம்பலாகிவிட்டது.

யேட்ஸ் ஆறு வருஷம் செனட்டராக இருந்தார். கவிகளுக்குச் சட்டசபையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லலாம். புதிய ராஜ்யத்துக்கு நாணயம் அச்சிடவேண்டி வந்தபோது, சித்திர அமைப்பை முடிவு செய்யும் குழுவுக்கு அவரே தலைவர். அரசன் முகமோ தலைவர் முகமோ இல்லாமல், குதிரை, சால்மன் மீன், எருது, வேட்டை நாய், முயல், குஞ்சுகளோடு கூடிய கோழி, பன்றி, காட்டுப் பட்சி என்று உழவன் அன்றாடம் காணும் ஜீவன்களைப் பொறித்து 1928-ம் வருஷத்தில் நாணயங்கள் வெளிவந்தன. இவ்வளவு அழகான செப்புக் காசுகளை அந்த நூற்றாண்டில் வேறு தேசத்தார் அடித்ததில்லை என்பது நமது அபிப்பிராயம். இரண்டாவது செய்தி 1925-ம் வருஷம் ஜூன் மாதம் அவர் செய்த பிரசங்கம். விவாகரத்தை அடியோடு இல்லாமற் செய்ய ஏற்பாடு நடந்தபோது, பெரும்பான்மையோரின் மத நம்பிக்கையைச் சட்டமாக்கிச் சிறுபான்மையோர் மேல் சுமத்தலாகாது என்று அவர் எழுந்து வாதாடினார். தம் இனத்தார் அற்பர்களல்லர் என்று சற்றுக் கர்வமாகவே சொன்னார். சபையில் பலருக்குக் கோபம் வந்தது. அவர் பேச்சு அன்று பயன்படவில்லை. 1937-ம் வருஷத்து அரசியல் சட்டத்திலேயே விவாகரத்துத் தடை ஏறிற்று. 1995-ம் வருஷத்தில், நாடு முழுவதும் சுமார் ஒன்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில்தான், அது நீங்கிற்று. எழுபது வருஷம் முந்திப் பேசிவிட்டார் கவி.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஜனங்களே செனட்டர்களை நேரே தேர்ந்தெடுக்கட்டும் என்று 1925-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ஒரு தேர்தல் வைத்தார்கள். தேசம் முழுவதும் ஒரே தொகுதி. பத்தொன்பது ஸ்தானங்கள். அபேட்சகர்கள் எழுபத்தாறு பேர். வாக்குச் சீட்டை விரித்தால் பந்தியில் போடும் இலையைப் போல் நீண்டிருந்திருக்கும்! அந்த எழுபத்தாறு பெயர்களையும் படித்து, 1, 2, 3 என்று விருப்ப வரிசையிட வேண்டும். முப்பது வயதானவர்களுக்குத்தான் வாக்கு. அவர்களிலும் நாலில் ஒரு பங்கினர்கூட வரவில்லை. எண்ணுவதற்கு வாரக் கணக்காயிற்று. ஐரிஷ் மொழியை அழியாமல் காக்க ஒரு சங்கம் கண்டு அரும்பாடுபட்ட டாக்டர் டக்ளஸ் ஹைடு அதிலே தோற்றுப் போனார். பதின்மூன்று வருஷத்துக்குப் பின் அதே ஹைடைப் போட்டியின்றி அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியாக்கினார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறோம். அந்த ஒரு தேர்தலோடு ஜனங்களின் நேர் வாக்குக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள்.

1932-ம் வருஷத்தில் டி வலேரா பதவிக்கு வந்தார். அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொண்டுவந்த மசோதாவை மேல் சபை தாமதப்படுத்திற்று. 1934-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், நீலச் சட்டைக்காரர்கள் என்ற எதிர்க் கட்சித் தொண்டர் படையின் உடுப்பைத் தடுக்கும் மசோதாவையும் நிராகரித்தது. அவ்வளவுதான். மேல் சபையையே ஒழிக்கும் மசோதா உடனே கீழ்ச் சபையில் வந்துவிட்டது. தன்னைக் கொல்லும் சட்டத்தை மேல் சபை மறுத்தது. சட்டம் அனுமதித்த வரையில் தாமதித்தது. ஆனாலும் 1936-ம் வருஷம் மே மாதத்தில் அது மறைந்தது.

மறைந்ததை அடுத்த வருஷமே உயிர்ப்பித்தவரும் டி வலேராதான். 1937-ம் வருஷத்து அரசியல் சட்டத்தில் மேல் சபைக்கு மறுபடி இடங் கொடுத்தார். ஷானட் என்பது அதன் ஐரிஷ் பெயர். கீழ்ச் சபைக்கு டாயில் என்று பெயர். பிரதம மந்திரியை டீஷக் என்பார்கள். போப்பாண்டவர் பதினோராவது பயஸ் 1931-ம் வருஷத்தில் வெளியிட்ட நிருபம் ஒன்று, கட்சிச் சண்டைக்கும் வர்க்கச் சண்டைக்கும் மாற்றாகத் தொழில்வாரியான அமைப்புகளைச் சிபாரிசு செய்திருந்தது. கத்தோலிக்க நாட்டில் அந்த யோசனைக்கு நல்ல மதிப்பு. எனவே உழவர், தொழிலாளர், வியாபாரி, பண்டிதர், நிர்வாகி ஆகியோரின் அறிவு திரண்டு வரும் சபையாகப் புதிய ஷானட் இருக்கும் என்று ஆசை காட்டப்பட்டது. 1938-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 27-ந் தேதி அது முதல் முறையாகக் கூடிற்று.

ஏட்டில் பார்த்தால் ஏற்பாடு வெகு நேர்த்தியானது. அறுபதில் நாற்பத்து மூன்று ஸ்தானங்களை ஐந்து வகுப்புகளாகப் பங்கிட்டிருக்கிறார்கள். விவசாயத்துக்கும் மீன் பிடிப்புக்கும் 11, தொழிலாளருக்கு 11, கைத்தொழிலுக்கும் வாணிபத்துக்கும் 9, நிர்வாகத்துக்கும் சமூக சேவைக்கும் 7, மொழி, கலை, கல்விக்கு 5. மீதி பதினேழில் ஆறு சர்வகலாசாலைப் பட்டதாரிகளுக்கு. கடைசிப் பதினொன்று டீஷக்கின் நியமனம். பண்டிதர் சபைகளும், தொழிற்சங்கங்களும், பால் உற்பத்தியாளர் சங்கமும், உபாத்தியாயர் சங்கமும், இப்படிப் பதிவு பெற்ற வேறு பல ஸ்தாபனங்களும் தத்தம் வகுப்புக்கு அபேட்சகர்களை முன்மொழியலாம். இதுவரையில் குறையொன்றுமில்லை.

ஆனால், முன்மொழிந்தவர்களுக்கு வாக்கு இல்லை! அங்கேதான் சூட்சுமம். நாற்பத்து மூன்று பேரையும் தேர்ந்தெடுக்கிறவர்கள் யார் தெரியுமா? புதிய டாயில் அங்கத்தினர்கள், பழைய செனட்டர்கள், ஜில்லா, நகர சபை அங்கத்தினர்கள் ஆகிய இவர்கள்தாம். 2025-ம் வருஷத் தேர்தலை எடுத்துக்கொண்டால், ஸ்தல சபையார் 949 பேர், டாயில் அங்கத்தினர் 174 பேர், செனட்டர்கள் அறுபதுக்குள். எல்லாருமாகச் சேர்ந்து ஆயிரத்து இருநூறு பேர்கூட இல்லை. ஐந்து வகுப்புகளுக்கும் இவர்களே வாக்காளர்கள். உழவர் பிரதிநிதியை உழவர் தேர்ந்தெடுப்பதில்லை. பண்டிதர் பிரதிநிதியைப் பண்டிதர் தேர்ந்தெடுப்பதில்லை. இவர்களோ ஏறக்குறைய எல்லாரும் கட்சிக்காரர்கள். ஆகவே விவசாய வகுப்பிலிருந்து ஒருவர் வந்தால் அவர் முதலில் இன்ன கட்சிக்காரர். ஏர் பிடித்தவரா என்பது பிற்பாடுதான். சென்ற தேர்தலில் டாயிலுக்கு நின்று தோற்றவர்களும், அடுத்த தேர்தலில் டாயிலுக்குப் போக விரும்புகிறவர்களும் இளைப்பாறும் சத்திரமாக ஷானட் ஆகிவிட்டது என்று அந்நாட்டாரே பரிகாசம் செய்வதுண்டு.

அந்தத் தேர்தல் பிரசாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. வாக்காளர் ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களோ தேசத்தின் நாலு மூலைகளிலும் பரந்து கிடக்கிறார்கள். பொதுக் கூட்டம் போட்டுப் பயனில்லை. எனவே அபேட்சகர் மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, வடக்கே டோனெகாலிலிருந்து தெற்கே கெர்ரி வரையில் கவுன்ஸிலர் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். ஷானட் தேர்தல் டாயில் கலைந்த தொண்ணூறு நாட்களுக்குள் நடந்தாக வேண்டும் என்பது விதி. ஆதலால் அவகாசமும் குறைவு. கவுன்ஸிலர் மாடு கறக்கப் போயிருப்பார். அவர் திரும்பும் வரையில் அடுக்களையில் உட்கார்ந்து தேநீர் அருந்த வேண்டும். வீட்டுக்காரி உபசாரமாகக் கொடுக்கும் ரொட்டியை மறுக்க முடியுமா? மறுத்தால் வாக்குப் போயிற்று! "உமக்குத்தான் முதல் வாக்கு" என்று கவுன்ஸிலர் கை குலுக்கி அனுப்புவார். அடுத்த வாரம் வரும் எதிராளிக்கும் அதே வாக்குறுதி, அதே தேநீர். சம்பந்தம் பேசப் போன இடத்தில் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பும் பெண் வீட்டாரை நமக்குத் தெரியும். அயர்லாந்துக் கவுன்ஸிலர்கள் அவர்களையும் மிஞ்சியவர்கள்.

வாக்குகள் ரகசியமாகத் தபாலில் வருகின்றன. விருப்ப வரிசைப்படி மிகுதி வாக்குகள் மற்றவருக்கு மாற்றப்படும். வாக்காளர் தொகை சிறியதாகையால், பின்னங்கள் நஷ்டமாகாமலிருக்க ஒவ்வொரு சீட்டுக்கும் ஆயிரம் மதிப்பு என்று வைத்து எண்ணுகிறார்கள். மளிகைக் கடையில் தங்கத் தராசை வைத்து நிறுப்பது போன்ற இந்தக் கணக்கு அந்நாட்டாருக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு.

இனி அந்த ஆறு சர்வகலாசாலை ஸ்தானங்கள். நாஷனல் சர்வகலாசாலைப் பட்டதாரிகளுக்கு மூன்று. டப்ளினின் டிரினிடி கல்லூரிப் பட்டதாரிகளுக்கு மூன்று. பட்டம் பெற்றவனுக்கு ஒரு வாக்கு, பெறாதவனுக்கு இல்லை என்பது ஜனநாயகத்துக்கு அடுக்காது என்று சொல்வோம். ஆனால் கவுன்ஸிலர்களின் தயவு வேண்டாத காரணத்தாலோ என்னவோ, ஷானட்டில் பயமின்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் இந்தக் கோடியிலிருந்தே வந்தார்கள். ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்பவரின் தந்தை, 1916-ம் வருஷத்துக் கிளர்ச்சியின்போது ஆயுதம் எடுக்காதவராக இருந்தும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் உத்தரவால் சுட்டுக் கொல்லப்பட்டவர். மகன் டிரினிடியின் செனட்டராகி, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பதை 1950-களிலேயே எதிர்த்துப் போராடினார். அப்போது கேட்பாரில்லை. 1982-ம் வருஷத்தில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

மேரி ராபின்ஸன் 1969-ம் வருஷத்தில், இருபத்தைந்து வயதில், டிரினிடியின் பிரதிநிதியாக வந்தார். கருத்தடைச் சாதனங்கள் மீதிருந்த தடையைத் தளர்த்த 1971-ம் வருஷத்தில் மசோதா கொண்டுவந்தார். அதை அச்சிட்டு முதல் முறை படிப்பதற்குக்கூடச் சபை சம்மதிக்கவில்லை. பாதிரிமார்கள் கண்டித்தார்கள், வசைக் கடிதங்கள் வந்தன. அந்த யுவதி அசரவில்லை. இருபது வருஷம் அந்த ஆசனத்தில் இருந்தார். 1990-ம் வருஷத்தில் தேச ஜனங்கள் அவரையே ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஸ்திரீ அவர். ஒரே பாலினத்தாரின் உறவைக் குற்றமாக்கிய பழைய பிரிட்டிஷ் சட்டத்தை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் வரையில் சென்று 1988-ம் வருஷத்தில் வெற்றி பெற்ற டேவிட் நாரிஸும் டிரினிடி செனட்டரே. 1987 முதல் 2024 ஜனவரி வரையில் இடைவிடாமல் அங்கத்தினராக இருந்தார்.

டீஷக் நியமிக்கும் பதினொருவரைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். சர்க்காருக்கு மேல் சபையில் எப்போதும் பெரும்பான்மை இருக்க வேண்டும் என்ற முன்யோசனைதான் இதன் அடிப்படை. எதிர்த்துப் பேசும் சபையை ஒரு முறை அனுபவித்துவிட்ட டி வலேரா, இரண்டாம் முறை அசட்டையாக இருப்பாரா? 1994-ம் வருஷத்தில் மட்டும், டாயில் கலையாமலே சர்க்கார் மாறியபோது, முந்தைய டீஷக் நியமித்த பதினொருவர் அப்படியே இருந்துவிட, புதிய டீஷக் ஜான் புரூட்டனுக்கு மேல் சபையில் பெரும்பான்மை இல்லாமற் போயிற்று. மற்றபடி கணக்கு பெரும்பாலும் தவறுவதில்லை. கட்சி விசுவாசிகளுக்குப் பரிசாகவும் இந்தப் பதினொன்று பயன்பட்டு வந்திருக்கிறது.

ஆயினும் கட்சிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்த டீஷக்குகளும் உண்டு. பொருளாதார நிபுணர் விட்டகர், நாடகாசிரியர் பிரையன் ஃப்ரியல் முதலியோர் இவ்வழியே வந்தவர்கள். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருந்தபோதிலும், அங்குள்ள சிலருக்கும் டப்ளின் சபையில் ஆசனம் கிடைத்திருக்கிறது. ஷீமஸ் மாலன் என்ற வடபகுதித் தலைவர் 1982-ம் வருஷத்தில் அந்த ஆசனத்தை ஏற்றதனாலேயே, பெல்ஃபாஸ்டு சட்டசபையில் தாம் வென்ற ஸ்தானத்தை இழந்தார்.

கார்டன் வில்ஸனின் நியமனத்தை நாம் மறக்க முடியாது. வடபகுதியில் என்னிஸ்கில்லன் என்ற சிற்றூரில் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். 1987-ம் வருஷம் நவம்பர் மாதம், போரில் இறந்தோரை நினைவுகூரும் ஞாயிற்றுக்கிழமையன்று, ஐ. ஆர். ஏ. புரட்சிக்காரர்கள் வைத்த வெடிகுண்டு அங்கே வெடித்தது. இடிபாட்டுக்குள் தகப்பனாரும் மகளும் கைகோத்துக் கிடந்தார்கள். மகள் பிழைக்கவில்லை. அன்றிரவே அவர், கொன்றவர்கள் மேல் தமக்குப் பகை இல்லை என்று ரேடியோ நிருபரிடம் சொன்னார். 1993-ம் வருஷத்தில் டீஷக் ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் அவரைச் செனட்டராக நியமித்தார். அவர் எந்தக் கவுன்ஸிலர் வீட்டிலும் தேநீர் அருந்தியவரல்லர். எந்தத் தேர்தலிலும் நின்றிருக்க மாட்டார். 2020-ம் வருஷத்தில், பன்னெடுங்காலமாக ஒதுக்கி வைக்கப்பட்ட நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐலீன் ஃப்ளின் என்ற பெண்மணியும் நியமனம் பெற்றார். அந்தச் சமூகத்திலிருந்து ஷானட்டுக்கு வந்த முதல் ஸ்திரீ அவரே.

நமக்கும் இந்த நியமன முறைக்கும் ஒரு பந்தம் உண்டு. இந்திய அரசியல் சட்டத்தை எழுத உதவிய பி. என். ராவ் 1947-ம் வருஷ இறுதியில் டப்ளின் சென்று டி வலேராவைச் சந்தித்தார். நமது ராஜ்ய சபைக்கு இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்த பன்னிருவரை ஜனாதிபதி நியமிக்கும் ஏற்பாடு அயர்லாந்தைப் பார்த்து அமைந்ததே. ருக்மிணி தேவி 1952-ம் வருஷத்தில் ராஜ்ய சபைக்குச் சென்றதும், ஆர். கே. நாராயண் அங்கே எழுந்து பள்ளிச் சிறுவர்களின் புத்தகச் சுமையைப் பற்றிப் பேசியதும் அந்தப் பாதையில்தான்.

அதிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அதிகாரமே அதிகமில்லை. டாயில் அனுப்பும் சாதாரண மசோதாவை ஷானட் தொண்ணூறு நாள் வைத்திருக்கலாம், திருத்தலாம், மறுக்கவும் செய்யலாம். அப்புறம் டாயில் ஒரு தீர்மானம் போட்டால் மசோதா நிறைவேறியதாகவே கொள்ளப்படும். பண மசோதாவானால் இருபத்தொரு நாள். அதிலும் சிபாரிசு மட்டுமே. மந்திரிகளாக இரண்டு செனட்டர்கள் வரையில் இருக்கலாம். ஆனால் டீஷக், துணை டீஷக், நிதி மந்திரி பதவிகள் அவர்களுக்கு இல்லை. 1937-க்குப் பின் அப்படி மந்திரியானவர்களே மிகச் சிலர். முக்கியமான மசோதாவை ஜனங்களின் வாக்குக்கு விடும்படி, ஷானட்டில் பெரும்பான்மையோரும் டாயிலில் மூன்றில் ஒரு பங்கினரும் சேர்ந்து ஜனாதிபதிக்கு மனுச் செய்யலாம் என்றொரு விதி இருக்கிறது. அந்த ஆயுதத்தை உறையிலிருந்து எடுத்தவர் இதுவரை எவருமில்லை.

1938 முதல் டாயிலின் மசோதாவை ஷானட் நிராகரித்தது இரண்டே தடவைதான். ஒன்று 1964-ம் வருஷத்தில், அடகுக் கடைக்காரர்களைப் பற்றிய மசோதா. அதை விட்டுவிடுவோம். மற்றொன்று மிகப் பெரிய விஷயம். சிறு கட்சிகளுக்கும் இடமளிக்கும் விகிதாசாரத் தேர்தல் முறையை எடுத்துவிட்டால் தம் கட்சியே நிலையாக ஆளலாம் என்று டி வலேரா நினைத்தார். 1959-ம் வருஷத்தில் அந்த மசோதாவை ஷானட் மறுத்தது. டாயில் அதைத் தள்ளிவிட்டு ஜனங்களிடம் கொண்டு போயிற்று. ஜூன் மாதம் 17-ந் தேதி ஜனங்கள் ஒரே நாளில் இரண்டு சீட்டுப் போட்டார்கள். ஒன்றில் டி வலேராவை ஜனாதிபதியாக்கினார்கள். மற்றொன்றில் அவருடைய யோசனையைத் தோற்கடித்தார்கள்! ஷானட் தடுக்கவில்லை, தடுக்க முடியாது. ஆனால் அந்தச் சில மாதத் தாமதத்தில் தேசம் யோசிக்க அவகாசம் பெற்றது.

ஐம்பது வருஷம் கழித்து, பொருளாதார வீழ்ச்சியில் அயர்லாந்து தத்தளித்த 2009-ம் வருஷத்தில், காஸ்கிரேவ் வழி வந்த ஃபைன் கேல் கட்சியின் தலைவர் எண்டா கென்னி, மேல் சபையை ஒழிப்பேன் என்று ஒரு விருந்தில் அறிவித்தார். 2011-ல் டீஷக் ஆனார். 2013-ல் அதற்கான மசோதா டாயிலில் மட்டுமல்ல, ஷானட்டிலும் நிறைவேறிற்று. 1934-ம் வருஷத்துச் செனட்டர்கள் காட்டிய ரோஷம் இம்முறை இல்லை. எதிர்த்தது யார் என்றால், ஷானட்டை 1936-ல் ஒழித்த டி வலேராவின் ஃபியன்னா ஃபாயில் கட்சி! காலம் கட்சிகளை இடம் மாற்றி உட்கார வைப்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் நமக்குத் தென்படவில்லை.

வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு முப்பத்தொன்பது பேர். வைத்துக்கொள் என்றவர்கள் 51.7 சதவிகிதம்; ஒழி என்றவர்கள் 48.3. வித்தியாசம் நாற்பதினாயிரத்துச் சொச்சம். ஷானட்டின் மேல் ஜனங்களுக்கு அளவுகடந்த அன்பு என்று இதற்கு அர்த்தம் செய்ய முடியாது. சீர்திருத்தித் தாருங்கள் என்று கேட்டவர்களும், சர்க்காரின் கையில் அதிகாரம் இன்னும் குவிய வேண்டாம் என்று எண்ணியவர்களும் அந்த வாக்கிலே இருந்தார்கள். வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் கிழவரால் வேலை ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் அவரை எழுப்பி அனுப்பிவிட்டால் இரவில் யார் வந்தார் போனார் என்று கேட்க ஆளில்லை என்று குடும்பஸ்தர்களுக்குத் தோன்றும் அல்லவா? ஏறக்குறைய அப்படி.

சீர்திருத்தம் என்னவாயிற்று என்றால், 2015-ம் வருஷத்தில் ஒரு குழு, முப்பது செனட்டர்களை ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று அறிக்கை கொடுத்தது. அதற்கு முன்னும் அறிக்கைகள் பல உண்டு. அறிக்கைகளுக்கு அலமாரியில் இடம் போதாமற் போயிற்றே தவிர, ஐந்து வகுப்புகளும் கவுன்ஸிலர்களும் தேநீரும் 1938-ல் இருந்தபடியே இருக்கின்றன. கவுன்ஸிலர்களின் வாக்கால் வந்த செனட்டர்கள், கவுன்ஸிலர்களின் வாக்கைப் பறிக்கத் தாமாக முன்வருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லைதான்.

ஒரே ஒரு மூலையில் மட்டும் மாற்றம் வந்திருக்கிறது. அதுவும் நீதிமன்றத்தின் தயவால். இரண்டு சர்வகலாசாலைகளுக்கு மட்டும் உள்ள வாக்குரிமையை மற்ற உயர்கல்வி ஸ்தாபனங்களின் பட்டதாரிகளுக்கும் விரிக்கலாம் என்று 1979-ம் வருஷத்திலேயே ஜனங்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சம்மதித்து அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் சம்மதத்தின் மேல் எந்தச் சர்க்காரும் கை வைக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் பொறுத்த பின், லிமரிக் சர்வகலாசாலையின் பட்டதாரி ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஜனங்கள் திருத்திய பிறகும் பழைய வாக்காளர் பட்டியலையே வைத்திருப்பது செல்லாது என்று 2023-ம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்மேல் 2024-ம் வருஷத்தில் சட்டம் நிறைவேறிற்று. நாஷனலுக்கு மூன்று, டிரினிடிக்கு மூன்று என்ற பங்கீடு போய், உயர்கல்வித் தொகுதி என்று ஒன்றே, ஆறு ஸ்தானங்களுடன் ஏற்பட்டிருக்கிறது. 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்துத் தேர்தல் பழைய முறைப்படியே நடந்து முடிந்தது. புதிய தொகுதியின் வாக்குச் சீட்டுகள் அடுத்த பொதுத் தேர்தலில்தான் தபாலில் புறப்படும்.